குளியலறை ஜன்னலில் இரண்டு கோடு

ஷெட்டிக்காம்பில் காற்றுக்குப் பெயர் உண்டு.
மலையிலிருந்து கடலுக்குச் சரிந்து வரும் அதை
சுவெத் என்போம்.
முந்தின நாள் கடல் கண்ணாடியாய்க் கிடக்கும்.
நல்ல நாள் என்று நம்புகிறவன் ஊருக்குப் புதியவன்.

லியோந்தின் நம்பமாட்டாள்.
போன அக்டோபரில்
சிம் போட்ட வெள்ளைப் பெட்டி ஒன்று வாங்கினாள்.
கம்பி இணையம் அறுந்தால்
இது கோபுரத்தைப் பிடித்துக்கொள்ளுமாம்.
மாதம் நாற்பத்தைந்து டாலர்,
சும்மா உட்கார்ந்திருப்பதற்கு.
தண்டச் செலவு என்றேன்.
"உன் படகில் எத்தனை நங்கூரம், அன்செல்ம்?"
இரண்டு.
இரண்டாவதை ஒன்பது வருடமாக நனைத்ததில்லை.
அதற்குமேல் நான் பேசவில்லை.

கோபுரம் தெரிகிற ஜன்னல்
வீட்டில் ஒன்றே ஒன்று: குளியலறை.
ஷாம்புவுக்கும் என் சவரக்கத்திக்கும் நடுவே பெட்டி,
மேலே கண்ணாடியில்
ரப்பர் குமிழால் ஒட்டிய சின்ன ஆன்டெனா.
விருந்தாளிகள் கேட்டால்
வானிலைக் கருவி என்பேன்.

அவள் வேலை குரல்.
ஆஸ்பத்திரிகள் அழைக்கும்.
இந்தப் பக்கம் டாக்டரின் ஆங்கிலம்,
அந்தப் பக்கம் யாரோ ஒருவரின் பிரெஞ்சு,
நடுவில் எங்கள் மாடியறையில் அவள்.
கதவு சாத்தியிருக்கும்.
கேட்டது எதையும்
சாப்பாட்டு மேஜைக்குக் கொண்டுவரமாட்டாள்.

பிப்ரவரி, செவ்வாய், காலை பத்தேகால்.
முதலில் விளக்கு போயிற்று.
படிக்கட்டடி பேட்டரி கீச்சென்று கத்தி
பாரத்தை ஏற்றுக்கொண்டது.
பிறகு லூசியன் ரோச் வேலிமேல் கம்பம் சாய்ந்தது;
பனிமேல் கேபிள், செத்த விலாங்கு.
பெட்டியில் பச்சை போய் ஆரஞ்சு வரப்
பதினொரு விநாடி.
சும்மா இருந்த ஒரு ஞாயிறில் எண்ணிப் பார்த்தது.
டாக்டர் "ஆனால்" என்ற இடத்தில் அறுந்திருந்தால்
பதினொரு விநாடி எவ்வளவு நீளம்?

மாடியில் குரல் திரும்ப வந்தது,
சொல் பிரியாத தூரத்தில்.
படத்தை அணைத்திருப்பாள்.
இரண்டு கோடு சிக்னலில்
முகமும் குரலும் சேர்ந்து போகாது.
நான் மகன் பாசிலின் போனைப் பிடுங்கி
மாவு டப்பாவுக்குள் போட்டேன்.

அப்போதுதான் குளியலறையில் டப்பென்று சத்தம்.
ஆன்டெனா தொட்டிக்குள் கிடந்தது.
எடுத்துக் கண்ணாடியில் அழுத்தினேன். ஒட்டவில்லை.
எச்சில் தொட்டு அழுத்தினேன். ஒட்டவில்லை.
தொட்டிக்குள் பூட்ஸோடு ஏறி நின்று
பிடித்துக்கொண்டேன்.

நாற்பது நிமிடம்.
ஜன்னல் சட்டம் பல்லைக் கடித்தது.
கண்ணாடி உப்பி உப்பி
என் உள்ளங்கையைத் தள்ளிப் பார்த்தது.
இறால் கூடு இழுத்த கைதான்; ஆனாலும்
எடையே இல்லாத ஒன்றைத் தூக்கி நிற்பது
வேறு விதமான நோவு.
ஆரஞ்சு விளக்கு சிமிட்டிக்கொண்டே இருந்தது:
ஏதோ போகிறது, ஏதோ வருகிறது.
எந்த ஊர், என்ன நோய், ஆணா பெண்ணா, தெரியாது.
யாருடைய ஈரலோ எலும்போ
என் கட்டைவிரல் ஓரமாகக் கடந்து போயிற்று.
கை மாற்றும்போது மட்டும்
மூச்சை நிறுத்தினேன்.

கடைசியில் வந்து வாசலில் நின்றாள்.
கண்ணோரம் சிவப்பு. விளக்கின் நிறமாகவும் இருக்கலாம்.
"இறக்கு. முடிந்தது" என்றாள்.
என்ன முடிந்தது என்று நான் கேட்கவில்லை.
தொட்டி விளிம்பில் உட்கார்ந்த என் தோளைக்
கொஞ்ச நேரம் அமுக்கிவிட்டாள்.
பிறகு குனிந்து பார்த்து,
"பூட்ஸோடா நின்றாய்?" என்று திட்டினாள்.

கம்பம் நிமிர ஐந்து நாள் ஆயிற்று.
மாதக் கடைசியில் பில்,
கூடுதல் டேட்டாவுக்குப் பன்னிரண்டு டாலர் அதிகம்.
படகுக் கணக்கு நோட்டில்
கயிறு, பெயிண்ட், மிதவை,
அதற்குக் கீழே எழுதிக் கட்டினேன்.
ஆன்டெனாவுக்கு இப்போது இரண்டு ஆணி.